லென்ஸ் வாங்குமுன் மூன்று கேள்விகள்

கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸில் எடுத்துப் பழகிய பலரும் ஓர் இடத்தில் வந்து முட்டி நிற்கிறார்கள். வேடந்தாங்கலில் நாரை ஒரு புள்ளியாக விழுகிறது. கல்யாண மண்டபத்தில் மாலை மாற்றும் கைகள் கலங்கிவிடுகின்றன. தஞ்சைப் பெரிய கோவில் விமானம் சட்டத்துக்குள் அடங்குவதில்லை. இன்னொரு லென்ஸ் வாங்கிவிடலாம் என்று விவரம் தெரிந்த நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வருகிறது. கொஞ்ச நேரத்தில் பதில் சொன்னவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் முற்றி, கேட்டவர் வாயடைத்துப் போகிறார்.

குழப்பம், சண்டை இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். எதை எடுக்கப்போகிறோம், எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கப்போகிறோம், எவ்வளவு வெளிச்சத்தில் எடுக்கப்போகிறோம் என்ற மூன்றையும் சொல்லாமல் லென்ஸின் பெயரை மட்டும் வைத்துப் பேசுகிறோம். இந்த மூன்றுக்கும் நம்மிடம் பதில் இருந்தால் லென்ஸைத் தேர்ந்தெடுப்பது எளிது. எதிரில் இருப்பவரின் பதிலும் தெரிந்துவிட்டால் அவரோடு மல்லுக்கு நிற்கக் காரணமே இருக்காது.

மில்லிமீட்டர் என்ன சொல்கிறது?

லென்ஸின் மேல் 18, 50, 300 என்று போட்டிருக்கும் மில்லிமீட்டர் கணக்கு அதன் குவியத் தூரம். எண் சிறிதானால் காட்சி அகலும். பெரிதானால் காட்சி குறுகி, தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும். 36 × 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 84 பாகை பார்க்கிறது. 50 மி.மீ. லென்ஸ் சுமார் 47 பாகை, 200 மி.மீ. லென்ஸ் சுமார் 12 பாகை.

கடைக்குப் போகும் முன்பே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எடுக்கப்போகும் பொருளின் உயரத்தை அது இருக்கும் தொலைவால் வகுத்து, குவியத் தூரத்தால் பெருக்கினால், சென்சாரின் மேல் விழும் பிம்பத்தின் உயரம் கிடைத்துவிடும். மஞ்சள் மூக்கு நாரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். ஏரிக்கரையில் நாம் நிற்க, 100 மீட்டர் தள்ளித் தண்ணீருக்குள் இருக்கும் மரத்தில் அது நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையில் அதன் பிம்பம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். 300 மி.மீ. லென்ஸில் 3 மி.மீ. வரும், 600-ல் 6 மி.மீ. வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் 15 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஆகவே 300-ல் நாரை படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கை நிறைக்கும், 600-ல் ஐந்தில் இரண்டு பங்கை.

மரமும் கூடுகளும் பறவைக் கூட்டமும் சேர்ந்த காட்சி வேண்டும் என்பவருக்கு 300 தாராளம். இறகின் வரிகள் தெரிய வேண்டும் என்பவருக்கு 600-ம் போதாது. அவர் பறவை கரைப்பக்கம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். லென்ஸில் இருக்கும் குறையைக் கூட்டை நெருங்கிப் போய்ச் சரிசெய்யும் எண்ணத்துக்கு மட்டும் இடமே கொடுக்கக் கூடாது. மிரண்ட தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டைகள் வெயிலில் காயும், குஞ்சுகளைக் காக்கை கொத்தும்.

சென்சாரின் அளவையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். சிறிய சென்சார், லென்ஸ் தரும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால் நிகான், சோனி, ஃபூஜி ஏபிஎஸ்-சி கேமராக்களில் குவியத் தூரத்தை 1.5-ஆலும், கேனானில் 1.6-ஆலும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2-ஆலும் பெருக்கினால் ஃபுல் ஃப்ரேமில் அதற்கு ஈடான காட்சி எது என்று தெரியும். 50 மி.மீ. லென்ஸ் நிகான் ஏபிஎஸ்-சி கேமராவில் 75 மி.மீ. லென்ஸின் காட்சியைத் தரும். பறவைக்காரருக்கு இது லாபம். சின்ன அறைக்குள் குடும்பத்தையே நிற்க வைத்து எடுப்பவருக்கு இது நெருக்கடி.

நிற்கும் இடம்

அகலமான லென்ஸில் முகம் கோணும் என்பது பரவலான பேச்சு. சட்டத்தின் நடுவில் இருக்கும் முகத்தைப் பொறுத்தவரை அந்தக் கோணலை உண்டாக்குவது நாம் நிற்கும் தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. 40 செ.மீ. தூரத்தில் கேமராவை நீட்டினால் மூக்கு 40-லும் காது 50-லும் இருக்கும். அப்போது காதோடு ஒப்பிட மூக்கு 25 சதவீதம் பெருத்துப் பதிவாகும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் 5 சதவீதமாகக் குறைந்து, முகம் நாம் பழகிப் பார்க்கிற முகமாகவே இருக்கும். ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ. லென்ஸ் உருவப்படத்துக்குப் பேர் வாங்கியது இதனால்தான். தலையும் மார்பும் சட்டத்தை நிறைக்க வேண்டுமானால் அது நம்மை இரண்டு மீட்டர் பின்னால் நிற்க வைக்கிறது. ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவருக்கு 50 அல்லது 56 மி.மீ. லென்ஸ் அதே வேலையைச் செய்துவிடும்.

கட்டடம் எடுப்பவருக்கும் தூரம்தான் முதல் கணக்கு. பெரிய கோவில் விமானம் சுமார் 66 மீட்டர் உயரம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் மாட்டி, கேமராவை நெட்டாகவும் மேல்நோக்கிச் சாய்க்காமலும் பிடித்தால், கலசம் வரை சட்டத்துக்குள் வர ஏறத்தாழ 86 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 16 மி.மீ. லென்ஸானால் 57 மீட்டர் போதும். இன்னும் பக்கத்தில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் அடங்கிவிடும், ஆனால் பின்னால் சாய்ந்துகொண்டிருப்பது போலத் தெரியும். அது லென்ஸின் பழுதல்ல. சென்சார் சுவருக்கு இணையாக இல்லாமல் சாய்ந்திருப்பதன் விளைவு. எவ்வளவு விலை கொடுத்தாலும் சாதாரண அகல லென்ஸ் ஒன்றால் இதை மாற்ற முடியாது.

அகல லென்ஸ் இல்லாதவருக்கும் வழி உண்டு. மதராஸ் மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் இதே கோவிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். எந்த ஒற்றை லென்ஸுக்கும் அடங்காத கல்வெட்டு அது. அவர் கையால் ஒட்டியதை இன்று மென்பொருள் ஒட்டித் தருகிறது. கேமராவை நெட்டாகப் பிடித்து, ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்காவது வரும்படி நகர்த்தி எடுத்தால், கிட் லென்ஸிலேயே கோபுர வாசலை முழுதாகக் கொண்டுவந்துவிடலாம். எப்போதாவது ஒருமுறை அகலக் காட்சி எடுப்பவர் அதற்கென்று தனி லென்ஸ் வாங்கத் தேவையில்லை.

வெளிச்சம்

மூன்றாவது கேள்விக்கான பதில் எஃப் எண்ணில் இருக்கிறது. குவியத் தூரத்தை லென்ஸ் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் துவாரம் 25 மி.மீ. என்றால் அது எஃப்/2. எஃப்/1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்று படிப்படியாகப் போகும்போது ஒவ்வொரு படியிலும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும்.

18–55 கிட் லென்ஸ் 55-ல் பொதுவாக எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோ அதைப்போலக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மண்டபத்தில் ஒரே ஐஎஸ்ஓவில் கிட் லென்ஸுக்கு 1/15 நொடி தேவைப்படும் இடத்தில் இந்த லென்ஸில் 1/125 நொடியில் எடுத்துவிடலாம். மாலை மாற்றும் கை 1/15-ல் இழுபடும், 1/125-ல் பெரும்பாலும் நிற்கும். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் இதற்கு மாற்றாகாது. அது நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், எதிரில் இருப்பவரின் அசைவை நிறுத்தாது. அசையாத தூணுக்கு ஸ்டெபிலைசேஷன் போதும். ஓடும் குழந்தைக்கு அகலத் திறக்கும் லென்ஸ் வேண்டும்.

அகலத் திறப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-ல் திறந்து இரண்டு மீட்டரில் முகத்தைப் பிடித்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கும். எஃப்/8-ல் அந்த ஆழம் ஏறத்தாழ 26 செ.மீ. ஆகும். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வெளியான ‘பேரி லிண்டன்’ திரைப்படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகளை நாசாவுக்காகச் செய்யப்பட்ட ஸைஸ் 50 மி.மீ. எஃப்/0.7 லென்ஸில் எடுத்தார். வெளிச்சம் போதுமானதாக இருந்தது. ஆனால் தெளிவான ஆழம் மிகக் குறைவு என்பதால் நடிகர்கள் அதிகம் அசையாமல் நடிக்க வேண்டியிருந்தது. சொந்தக்காரர்கள் இரண்டு வரிசையாக நிற்கும் குரூப் ஃபோட்டோவை எஃப்/1.8-ல் எடுத்துவிட்டு, பின்வரிசை மங்கிவிட்டது என்று லென்ஸைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அங்கே எஃப்/5.6, எஃப்/8 என்று மூடி, வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான லென்ஸ்களில் முழுதாகத் திறந்ததைவிட இரண்டு படி மூடியதும் கூர்மை கூடும். எஃப்/16-ஐ நெருங்கும்போது ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) கூர்மை மறுபடி குறையத் தொடங்கும். பகல் வெளிச்சத்தில் எஃப்/8-ல் கோபுரச் சிற்பம் எடுப்பவருக்கு விலையுயர்ந்த எஃப்/1.4 லென்ஸும் சாதாரண எஃப்/1.8 லென்ஸும் கிட்டத்தட்ட ஒரே படத்தைத்தான் தரும். இருட்டு மண்டபத்துக்கென்று செய்த லென்ஸுக்குப் பகல் வேலைக்காகக் காசைக் கொட்ட வேண்டாம்.

பிரைமா, ஜூமா?

ஒரே குவியத் தூரமுள்ள பிரைம் லென்ஸ் பெரும்பாலும் கையடக்கமாக இருக்கும், அகலத் திறக்கும், விலையும் குறைவாக இருக்கும். நகர்ந்து நின்று எடுக்கும் சுதந்திரம் இருப்பவருக்கு அது நல்ல துணை. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தன் பெரும்பாலான படங்களை 50 மி.மீ. லென்ஸிலேயே எடுத்தவர். தெருவில் அவர் விரும்பிய இடத்தில் நிற்க முடிந்தது. மணவறைக்கு முன் நிற்கும் புகைப்படக்காரருக்கு அது முடியாது. முன்னால் ஹோமம், பின்னால் உறவினர் கூட்டம், பக்கத்தில் வீடியோ எடுப்பவர். தாலி கட்டும் அந்த நொடி திரும்பி வராது. அவருக்கு 24–70, 70–200 என்ற இரண்டு எஃப்/2.8 ஜூம்கள்தான் சோறு போடுகின்றன. எடையையும் விலையையும் தெரிந்தேதான் அவர் சுமக்கிறார்.

உங்களுக்கு எது என்பதை உங்கள் பழைய படங்களே சொல்லும். ஒவ்வொரு படக் கோப்பிலும் எந்தக் குவியத் தூரத்தில், எந்த எஃப் எண்ணில் எடுத்தது என்ற விவரம் பதிவாகியிருக்கிறது. பிடித்த படங்களை மட்டும் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் 18-லேயே இருந்தால் அகல லென்ஸ் தேவை. எல்லாம் 55-ல் முட்டி நின்றால் 55–250 அல்லது 70–300 போன்ற டெலி ஜூம் தேவை. 35-ஐச் சுற்றியே இருந்து, பாதிப் படங்கள் இருட்டில் கலங்கியிருந்தால் 35 மி.மீ. பிரைம். முடிவு எட்டாவிட்டால் பெரிய ஊர்களில் லென்ஸ் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு வார இறுதியில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வாங்கும்போது

முதலில் மவுண்ட், அதாவது லென்ஸைக் கேமராவில் மாட்டும் வளையம், பொருந்துகிறதா என்று பாருங்கள். நிகானின் எஃப் மவுண்ட் 1959-லும் கேனானின் இஎஃப் மவுண்ட் 1987-லும் வந்தவை. அந்த இரு நிறுவனங்களின் மிரர்லெஸ் மவுண்டுகளான இஸட், ஆர்எஃப் இரண்டும் 2018-ல் வந்தன. மிரர்லெஸ் கேமராக்களில் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே தூரம் குறைவு என்பதால் பழைய லென்ஸை அடாப்டர் வைத்துப் பொருத்த முடியும். புதிய மிரர்லெஸ் லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரில் பொருத்த முடியாது. பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் பாடி மாற்றும் முன் இதை யோசித்தால் பெருஞ்செலவு மிச்சம்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் நல்ல வழி. ஆனால் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடிக்கும். மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கம் பாருங்கள். சிலந்தி நூல் போலவோ பஞ்சு போலவோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்து, நாலு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கலாம். வாங்கியபின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் இருந்தால் நல்லது. பையில் போட்டுப் பூட்டி வைத்த லென்ஸைவிட அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்தும் லென்ஸில் ஃபங்கஸ் பிடிப்பது குறைவு.

இருவரும் சரியாக இருக்கும் சண்டை

லென்ஸ் வாக்குவாதங்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும். ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஃபுல் ஃப்ரேமின் 75 மி.மீ. எஃப்/2.7-க்குச் சமம் என்கிறார் ஒருவர். எஃப்/1.8 எப்போதும் எஃப்/1.8-தான் என்கிறார் மற்றவர். முதலாமவர் பின்னணி எவ்வளவு மங்கும் என்பதைப் பேசுகிறார். இரண்டாமவர் எக்ஸ்போஷரைப் பேசுகிறார். ஒரே காட்சியை ஒரே இடத்தில் நின்று எடுத்தால் மங்கல் அளவில் முன்னவர் சொல்வது சரி. ஷட்டர் வேகம் கணக்கிடும்போது பின்னவர் சொல்வது சரி. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருவரும் கை குலுக்கியிருப்பார்கள்.

ஒரே மாடலில் ஒருவருக்கு நல்லது வாய்த்து, இன்னொருவருக்குக் குறையுள்ளது வாய்ப்பதும் உண்டு. தயாரிப்பில் ஒவ்வொரு லென்ஸும் சற்றே மாறுபடும். ஆகவே உங்களுக்கு நன்றாக இருந்தது என்பதற்காக அவர் குறை சொல்வது பொய்யாகிவிடாது. காசு போட்டு வாங்கிய பொருளை யாராவது தாழ்த்திப் பேசினால் வாங்கியவருக்குச் சுருக்கென்று குத்தும். அதில் அவருடைய மாதக்கணக்கான சேமிப்பு இருக்கிறது. “அதையா வாங்கினீர்கள்?” என்ற ஒரு கேள்வியால் ஒருவர் படம் காட்டுவதையே நிறுத்திவிடக்கூடும்.

யோசனை கேட்டு வருபவரிடம் முதலில் எதை, எவ்வளவு தொலைவில், எந்த வெளிச்சத்தில் என்ற மூன்றையும் கேளுங்கள். அடுத்து, எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று கேளுங்கள். அந்தத் தொகைக்குள் பதில் சொல்லுங்கள். இரண்டு மடங்கு விலையுள்ள லென்ஸைச் சொல்வது உதவியாகாது. நீங்களே பயன்படுத்திச் சொல்கிறீர்களா, எங்கோ படித்துச் சொல்கிறீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. “நல்ல லென்ஸ் எது?” என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மேலே சொன்ன விவரங்களோடு உங்கள் கேமராவின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

படத்தைப் பற்றிப் பேசும்போது படத்தை மட்டும் பேசுங்கள். என்ன எடுக்க நினைத்தீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டால் பாதிக் குறைகள் குறைகளாகவே இருக்காது. “நன்றாக இல்லை” என்பதைவிட, “முகத்தைவிடப் பின்னால் இருக்கும் டியூப்லைட் பிரகாசமாக இருக்கிறது, இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் மறைந்திருக்கும்” என்று சொல்வது எடுத்தவருக்கு அடுத்த முறை உதவும். கடுமையாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நாலு பேர் முன்னால் சொல்லாமல் தனியாகச் சொல்லுங்கள்.

கருவியைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கத்துக்கு நம் ஊரிலேயே ஒரு மறுமொழி இருக்கிறது. காட்டுயிர் எழுத்தாளரும் புகைப்படக் கலைஞருமான மா. கிருஷ்ணன் (1912–1996) பயன்படுத்திய கேமராக்களில் ஒன்று, ஒரு நிறுவனத்தின் பாடியோடு வேறொரு நிறுவனத்தின் டெலி லென்ஸைப் பொருத்தித் தானே சேர்த்து அமைத்துக்கொண்டது. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர். யானைகளையும் மான்களையும் அவர் எடுத்த கறுப்புவெள்ளைப் படங்களை இன்றும் தேடிப் பார்க்கிறார்கள். காட்டில் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எந்த வெளிச்சத்தில் விலங்கு எப்படித் தெரியும் என்பதை அவர் அறிந்திருந்தார். லென்ஸ் அந்த அறிவுக்குப் பின்னால் வந்தது.

ஆகவே அடுத்த லென்ஸுக்குக் காசு எடுத்து வைக்கும் முன், மூன்று கேள்விகளுக்கும் ஒரு தாளில் பதில் எழுதுங்கள். பதில் தெளிவாக இருந்தால் அந்த லென்ஸை மட்டும் வாங்குங்கள். தெளிவாக இல்லையென்றால், கையில் இருக்கும் லென்ஸிலேயே இன்னும் சில மாதங்கள் எடுங்கள். பக்கத்தில் ஒருவர் வேறு லென்ஸ் வைத்திருந்தால் அவரிடமும் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவருடைய பதிலிலிருந்து நீங்களும் ஏதாவது கற்றுக்கொள்வீர்கள்.